நானூறு பேருக்கு ஒரே வீடு

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து மறதியைப் பற்றிப் புலம்பித் தள்ளியதைப் படித்தேன். ஒருத்தி மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற குழியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியிருக்கிறாள். இன்னொருவர் பேரனைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போய், அதே பச்சைப் பை மாட்டியிருந்த வேறொரு பையனின் கையைப் பிடித்திருக்கிறார். வல்லாரை சாப்பிடு என்கிறார் ஒருவர், வால்நட் சாப்பிடு என்கிறார் இன்னொருவர். இதையெல்லாம் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மறக்காமல் இருக்க வழி சொல்லித்தர நம் பள்ளிக்கூடத்துக்கே ஒரு ஆள் வந்தாரே, ஏழாம் வகுப்பில், அதையாவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா?

இருக்காது என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது சுரங்கத்து டவுன்ஷிப்பில் நமக்கெல்லாம் என்ன வித்தியாசம் இருந்தது, சொல்லுங்கள். அப்பாக்கள் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு வேறு, குழம்பு வேறு, சாமிப் படம் வேறு. வீடு மட்டும் ஒன்று. நம் பள்ளியில் அநேகமாக எல்லாரும் அந்தச் சின்ன குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்தான். முதலில் கேட், உள்ளே தோட்டத்துக் குழாய், அப்புறம் கம்பி போட்ட வராந்தா, ஹால். ஹாலுக்குப் பின்னால் திரை தொங்குகிற ஒரு சின்ன நடை. நடையின் ஒரு பக்கம் சமையலறை, எதிர்ப்பக்கம் படுக்கையறை. நடை முடிகிற இடத்தில் பின்வாசல், அதைத் தாண்டினால் கொல்லை. இரண்டிரண்டு வீடாக நடுச்சுவரை ஒட்டிக் கட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்குள் போனால் நம் வீட்டையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். நமக்குச் சமையலறை வலப்பக்கம் என்றால் அவர்களுக்கு இடப்பக்கம்.

இந்தக் கதைக்கு வேண்டிய முக்கியமான ஆள் என் சிநேகிதி. குவார்ட்டர்ஸ் இல்லாத ஒருத்தி. கம்மாபுரத்துப் பக்கம் ஊரைவிட்டுத் தள்ளி இருந்த ஒரு காலனியிலிருந்து அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வருவாள். அவள் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியையும் மண்ணையும் அள்ளுகிற வேலை. நம் பள்ளியில் பெர்மனன்ட் ஆட்களின் பிள்ளைகளுக்குப் போக மிச்சம் இருந்த ஒன்றிரண்டு இடங்களில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. காலாண்டில் பூகோளத்தில் தவறிவிட்டாள். அரையாண்டிலும் தவறினால் டி.சி. வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று பெரிய டீச்சர் அவள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. உங்களுக்குச் சொல்ல வேண்டாம், பெயரைக் கேட்டாலே இன்றும் முதுகை நிமிர்த்துகிறவர்கள் நீங்கள்.

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு முடியும். அவள் அப்பாவுக்கு ஆறு மணிக்குத்தான் வேலை முடியும். அதுவரைக்கும் என் வீட்டில் இருப்பாள். ஹாலில் ஜன்னலுக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்து, மைன்ஸ் சங்கு ஊதும்வரை வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மா அவளுக்குப் பொரிகடலையோ முறுக்கோ கொண்டுவந்து வைப்பாள். "நீ இங்கயே உக்காரும்மா" என்பாள். எங்கள் அம்மா நல்ல அம்மா என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

தீபாவளி முடிந்து மழை விட்டும் விடாமலும் இருந்த நாட்களில் அந்த ஞாபகக்காரர் வந்தார். ஊதா வெல்வெட் கோட்டு, முழங்கையில் வெல்வெட் தேய்ந்து வழுக்கை விழுந்திருந்தது. கூடவே அவர் மனைவி, ஒரு தகரப்பெட்டி, ஒரு டோலக். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நானூறு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா டோலக்கைத் தட்டிக்கொண்டே, "இவருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு ஊரெல்லாம் சொல்றாங்க. காலைல சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்தாரு. நான்தான் மாத்திவிட்டேன்" என்று ஆரம்பித்தார். கூடம் அதிர்ந்தது. அவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் கண்ணை மூன்று சுற்றுக் கறுப்புத் துணியால் கட்டினார்கள். நாம் ஆளுக்கொரு பொருளாகக் கத்த வேண்டும், அந்த அம்மா கரும்பலகையில் வரிசையாக எழுதுவார். பலாப்பழம் என்றான் ஒருவன். பல்லி, இட்லிக் குண்டான், தலைகாணி, மைன்ஸில் மண் வெட்டுகிற பக்கெட் வீல், டிரில் மாஸ்டர் விசில், பெரிய டீச்சரின் குடை என்று போய்க்கொண்டே இருந்தது. நாற்பது ஆனதும் நிறுத்தினார்கள். அவர் ஒன்றிலிருந்து நாற்பது வரை சொன்னார். அப்புறம் நாற்பதிலிருந்து ஒன்று வரை சொன்னார். சும்மா சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் நடித்துக் காட்டினார். பலாப்பழத்தின் மேல் உட்கார்ந்துவிட்டுத் துள்ளி எழுந்தார். பக்கெட் வீல் பல் தேய்ப்பதுபோல் ஒன்று செய்தார். பெரிய டீச்சரின் குடை என்றதும் மட்டும் அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடித்தார். பெரிய டீச்சர் சிரித்ததை முதல்முறையாக அன்றுதான் பார்த்தோம். அவருக்கு ஒரு பக்கம் தெற்றுப்பல் இருப்பதே அதுவரைக்கும் நமக்குத் தெரியாது.

கண்கட்டை அவிழ்த்துவிட்டு, "இது மந்திரம் இல்லை, இப்ப நீங்களும் செய்வீங்க" என்றார். பொருளை வெறுமனே மனசில் போட்டால் தொலைந்துபோகும், ஒரு இடத்தில் வைத்தால் இருக்கும், அந்த இடம் நமக்கு நன்றாகத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும், அதாவது நம் வீடு. ஒவ்வொருவரும் கண்ணை மூடி அவரவர் வீட்டுக்குள் மெதுவாக நடந்து போக வேண்டும். போகிற வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளை, பார்த்தால் சிரிப்பு வருகிற மாதிரி வைக்க வேண்டும். திரும்பக் கேட்டால் மறுபடி நடந்தால் போதும்.

"உங்க வீட்டு வாசல்ல முதல்ல என்ன இருக்கு?" என்று முன்வரிசைப் பெண்ணைக் கேட்டார். அவளோடு சேர்ந்து கூடமே கேட் என்றது. அப்புறம் என்றார். குழாய் என்றது கூடம். அப்புறம் வராந்தா, ஹால், எல்லாம் ஒரே குரலில். அவர் பேச்சை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"என்னம்மா இது, நானூறு பேருக்கும் ஒரே வீடா?"

எத்தனையோ ஊரில் ஆடியிருக்கிறாராம், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். உற்சாகம் தாங்காமல், சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டுத் தொலைத்தார். பாதிப் பேர் வலக்கையைத் தூக்கினோம், பாதிப் பேர் இடக்கையைத் தூக்கினார்கள், அடிதடி ஆகிவிட்டது. ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்கூட நீ பொய் சொல்கிறாய் என்று சண்டை. அந்த அம்மா டோலக்கை அடித்து அடக்கினார். "எந்தப் பக்கமா இருந்தா என்ன, உள்ள போனதும் முதல்ல வலக்கைப் பக்கம் திரும்புங்க, அப்புறம் இடக்கைப் பக்கம், முடிஞ்சுது" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை செய்த கூத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அதற்குமுன் ஒன்று. அன்றைக்கு அவர்கள் டிரில் மாஸ்டர் குவார்ட்டர்ஸில் தங்கினார்கள். சாயங்காலம் அவர் தனியாக நடக்கப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது, இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். ஹாலைத் தாண்டி, திரையை விலக்கி, நடை வழியாக நேரே கொல்லைக்குப் போய் முகம் கை கால் கழுவினார். கொடியில் கிடந்த எங்கள் அப்பா துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்து ஹால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ஒரு காப்பி கிடைக்குமாம்மா?" என்றார். அப்பாவோடு வேலை செய்கிறவர் போலிருக்கிறது என்று அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். பாதி குடித்தபிறகுதான் எதிர்ச் சுவரில் இருந்த எங்கள் குடும்பப் போட்டோவைப் பார்த்தார். நாற்பது பொருளை முன்னும் பின்னும் சொன்ன மனிதர், தங்கியிருந்த வீட்டைத் தவறவிட்டுவிட்டார். என் சிநேகிதியும் நானும் பாயில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் இதை ரொம்ப வருஷம் வெறும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத ஒரு ஆம்பிளை எங்கள் வீட்டுக் கொல்லை வரை போய்வந்ததை அம்மா தப்பாகவே நினைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அடுத்த வாரமே அரையாண்டுப் பரீட்சை. பூகோளத்தில் தமிழ்நாட்டு ஆறுகள் பத்தை வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக எழுத வேண்டும், பத்து மதிப்பெண், கட்டாயம் வரும் என்று பூகோள சார் சொல்லியிருந்தார். நான் ஆரம்பித்து வைத்தேன். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேரை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து, கேட்டிலிருந்து ஆறுகளை வைத்துக்கொண்டே போனோம். கேட்டில் பெரிய தலையோடு ஒரு கொசு காவல் நிற்கிறது, அது கொசஸ்தலை. குழாயில் பால் கொட்டுகிறது, பாலாறு. வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்து பேன் பார்க்கிறாள், தென்பெண்ணை. ஹால் நாற்காலியில் ஒரு கெட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது, கெடிலம். ஜன்னலில் ஒரு வெள்ளாடு தலையை நீட்டுகிறது, வெள்ளாறு. சமையலறை அடுப்பில் கொள்ளு வேகிறது, கொள்ளிடம். படுக்கையறைக் கட்டிலில் ஒரு காவி வேட்டிக்காரர் குறட்டை விடுகிறார், காவிரி. பின்வாசல் படியில் யாரோ கை வைக்கிறார்கள், வைகை. துவைக்கிற கல்மேல் ஒரு குரங்கு சோப்பை வைத்து வைத்து எடுக்கிறது, வைப்பாறு. கொல்லையில் முருங்கைமரத்தில் தாமிரக் குடம் தொங்குகிறது, தாமிரபரணி.

பன்னிரண்டு பேரும் திரையைக் கிழிக்காத குறையாக உள்ளேயும் வெளியேயும் ஓடினோம். அம்மா தோசைக்கரண்டியோடு நின்று, "கொள்ளு எங்கடி வேகுது? நான் ரசம்தானே வச்சிருக்கேன்" என்று கேட்டுச் சிரித்தாள். என் சிநேகிதி மட்டும் ஹாலிலேயே நோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாடி என்று ஒருமுறை கூப்பிட்டேன். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கருந்தே கேட்டுகினு இருக்கேன்" என்றாள். நான் மறுபடி கூப்பிடவில்லை. சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் இந்த ஆற்றுப் பயணம் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. யாருக்கும் எங்கள் வீடு தேவைப்படவில்லை. அவரவர் வீட்டிலேயே அதே கொசு, அதே ஆடு, அதே காவி வேட்டிக்காரர். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினோம். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் பயந்துபோய், வகுப்பில் ஏதாவது காய்ச்சல் பரவுகிறதா என்று கேட்டார்.

விடைத்தாள் திருத்திய பூகோள சார் தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து, நூல் போட்டுக் கட்டி, பெரிய டீச்சர் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். ஒரு கட்டில் பத்து ஆறும் சரி. இன்னொரு கட்டில் எட்டு சரி, காவிரி முன்னால், கொள்ளிடம் பின்னால். ஒருவர் இருவர் இல்லை, கிட்டத்தட்ட பாதி வகுப்பு அதே தப்பு. "ரெண்டு கும்பலுங்க மேடம். ரெண்டு பிட்டு ஓடியிருக்கு. ஒரு பிட்டுல எழுதினவனே தப்பா எழுதியிருக்கான்" என்றாராம். பெரிய டீச்சர் பூகோளத் தாளையே மொத்தமாக ரத்து செய்யப்போவதாகச் செய்தி வந்தது.

நமக்கு அது திட்டு வாங்குகிற சமாச்சாரம், அவ்வளவுதான். வீட்டில் இரண்டு அடி விழும், பொங்கலுக்குப் புதுப் பாவாடை கிடைக்காது. என் சிநேகிதிக்கு அப்படி இல்லை. பூஜ்யம் என்றால் டி.சி. செய்தி வந்த மதியம் அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. "எங்கப்பா சைக்கிள் பாருல எனக்குன்னு முன்னாடி ஒரு சின்ன சீட்டு போட்டுக் குடுத்துச்சு. போட்டு ஒரு மாசம்தான் ஆவுது" என்றாள். அழவில்லை. அதைச் சொல்லிவிட்டு டப்பாவின் மூடியைத் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. யார் வீட்டில் இது ஆரம்பித்தது என்று கேட்டதும் எல்லாரும் தாராளமாக என் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், அதற்காக இன்றும் நன்றி. அதனால் எங்கள் அம்மாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். வெளிர்நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்து பெரிய டீச்சர் அறையில் சுவரோரம் உட்கார்ந்தாள். நாங்கள் ஒரு பத்துப் பேர் நின்றோம். பிட்டெல்லாம் இல்லை, வீட்டுக்குள் நடந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். பெரிய டீச்சர் நம்பவில்லை. மேஜையில் இருந்த பத்துச் சாமானைச் சொல்லி, இதைச் சொல் பார்க்கலாம் என்றார். முதல் பையன் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டில் கோந்து பாட்டில், குழாயில் ரப்பர் ஸ்டாம்பு என்று கடகடவென்று ஒப்பித்தான். அடுத்தவனும் ஒப்பித்தான். மூன்றாமவள் பின்னாலிருந்து ஒப்பித்தாள். பெரிய டீச்சரின் உதடு கொஞ்சம் விலகி அந்தத் தெற்றுப்பல் தெரிந்தது.

அப்படியானால் பாதிப் பேருக்கு ஒரே தப்பு எப்படி வந்தது என்று பூகோள சார் விடவில்லை. காவிரியை முன்னால் எழுதியவர்களில் ஒருத்தியைப் பிடித்து, ஆற்றை நடந்துகாட்டச் சொன்னார். அவள் கண்ணை மூடி நடந்தாள். ஹாலைத் தாண்டி வலக்கையை நீட்டினாள். "எங்க வீட்ல பெட்ரூம்தான் சார் வலக்கைப் பக்கம். காவி வேட்டிக்காரர்தான் முதல்ல வராரு" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், சாரே கண்ணை மூடிக்கொண்டார். தன் வீட்டு கேட்டைத் திறந்து, குழாயைத் தாண்டி, வராந்தாவில் செருப்பைக்கூடக் கழற்றினார். வலக்கையை நீட்டினார். கண்ணைத் திறந்து, "எங்க வீட்லயும் பெட்ரூம்தான் மேடம்" என்றார்.

பெரிய டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எங்கள் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது சார் இரண்டு கட்டிலும் சேராமல் தனியாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார்.

அது என் சிநேகிதியின் தாள். முதல் ஐந்து ஆறும் சரி. அதற்குப்பின் ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. இவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துப் பாதி எழுதியிருக்கிறாள், அதற்குள் யாரோ பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றார் சார். பெரிய டீச்சர் அவளை முன்னால் கூப்பிட்டார். சிரிப்பு போய்விட்டது. இவர்களெல்லாம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், வீட்டுக்குள் நடந்தேன் என்று சொன்னால் சரி, உனக்கு ஏது இந்த வீடு என்று கேட்டார்.

அவள் என்னைக் காட்டினாள்.

"அவங்க வூடுங்க டீச்சர். அங்கதான் தெனம் இருக்கேன்."

"அப்படின்னா மீதி அஞ்சு எங்க?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஹாலு வரைக்கும்தாங்க டீச்சர் எனக்குத் தெரியும். அதுக்கு உள்ளாற நான் போனதில்லைங்க."

கோள் சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. பாடத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற குரல்தான். பெரிய டீச்சர், சரி, அந்த ஹாலில் என்ன இருக்கிறது சொல் என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ஜன்னலில் இடப்பக்கக் கண்ணாடியில் கீறல். காலண்டரில் பால்காரர் வராத நாளுக்கு அம்மா பென்சிலால் போட்ட சுழி. நாற்காலியின் ஒரு காலுக்குக் கீழே மடித்து வைத்த சோப்பு அட்டை. ரேடியோவுக்குப் போட்ட உறையில் மூன்று கிளி, ஒரு கிளிக்குக் கண் தைக்காமல் விட்டிருக்கிறது. திரையில் மஞ்சள் பூ, கீழ்வரிசையில் பதினொன்று. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கிளிக்குக் கண் இல்லாதது தெரியாது. திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே வராதே என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. இங்கேயே உட்காரும்மா என்றுதான் சொன்னாள், தினமும், பிரியமாக, தட்டில் முறுக்கோடு. ஏன் இங்கேயே என்று நானும் கேட்டதில்லை. காலனியிலிருந்து வருகிற பிள்ளைக்கு எது வரைக்கும் வரலாம் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது, எங்களுக்கும் தெரிந்திருக்கிறது. நான் அவளைச் சோம்பேறி என்று நினைத்ததுதான் பெரிய வெட்கம். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

பெரிய டீச்சர் எங்கள் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். வகுப்புத் தாளை ரத்து செய்யப்போவதில்லை என்றார். அவளிடம், நீ காப்பி அடிக்கவில்லை என்பது தெரிகிறது, ஆனால் ஐந்து மதிப்பெண் குறைவதால் பாஸ் ஆகாது, திங்கட்கிழமை காலையில் அந்த ஒரு கேள்வியை மட்டும் என் முன்னால் உட்கார்ந்து எழுது, எழுதினால் இருக்கலாம் என்றார்.

வீடு வரைக்கும் அம்மா முன்னால் வேகமாக நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். வழக்கம்போல அவள் வராந்தாவில் காலைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே பாயை விரிக்கப் போனாள். அம்மா பாயை அவள் கையிலிருந்து வாங்கி மூலையில் சாத்தினாள். திரையை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஆணியில் மாட்டினாள்.

"வா. உள்ள வந்து பாரு."

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் அம்மாவுக்கு அது வராது. ஆனால் சாமான் காட்டுவது வரும். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் நாத்தனாருக்குக்கூட அப்படிக் காட்டியிருக்கமாட்டாள். இது அரிசி டின், இது புளிப் பானை, இது ஊறுகாய் ஜாடி, மூடி சரியாக மூடாது, துணி கட்ட வேண்டும். இந்த ஆணியில் கரண்டி, இந்த ஆணியில் வடிதட்டு. அன்றைக்கு நிஜமாகவே ஒரு பிடி கொள்ளு எடுத்து அடுப்பில் வேகப்போட்டாள், அவள் பார்க்கட்டும் என்று. படுக்கையறைக்குக் கூட்டிப்போய், நைட் ஷிஃப்டுக்குப் போவதற்காகத் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பி, "காவி வேட்டி இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டாள். அப்பா பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். காவி இல்லை, ஒரு பழுப்பு வேட்டி இருந்தது, அதைப் போர்த்திக்கொண்டு மறுபடி படுக்கச் சொன்னாள். என் சிநேகிதிக்கு அதற்குமேல் அடக்கமுடியவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசியாகச் சமையலறைக்குத் திரும்பி, பரணில் பழைய பேப்பருக்குப் பின்னால் கைவிட்டு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். உள்ளே வெல்லமும் வறுத்த முந்திரியும். "இது இருக்கிறது இவளுக்குக்கூடத் தெரியாது" என்று என்னைக் காட்டினாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருந்தவள் நான். எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. அந்த முந்திரிக்காக நான் அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

திங்கட்கிழமை அவள் பெரிய டீச்சர் முன்னால் உட்கார்ந்து எழுதினாள். நானும் இன்னும் நாலு பேரும் ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்றோம். ஐந்தாவது ஆறு எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். பிறகு அவள் தோளை லேசாக அசைத்தாள், ஒரு துணியை ஒதுக்குகிறவள் மாதிரி, அவ்வளவுதான், கடகடவென்று தாமிரபரணி வரைக்கும் எழுதி முடித்தாள். பெரிய டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை எந்த வீடு என்று கேட்டார்.

"அதே வூடுதாங்க டீச்சர். இப்ப கொல்லை வரைக்கும் இருக்கு."

அவளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள், இதைப் படிப்பாள். தப்பாக எழுதியிருந்தால் திருத்துவாள், அவளுக்குத்தான் நம் எல்லாரையும்விட ஞாபகம் அதிகம். ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததை அவள் கவனித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அவள் பாஸானதை நான் வந்து சொன்னதும் அம்மா ம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நாங்கள் ஹாலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்து, ஜன்னலில் நாலு சொட்டு விழுந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மழை வருது, கொடியில துணி கெடக்கு. எடுத்துக்கிட்டு வாடி."

என்னைத்தான் சொல்கிறாள் என்று நான் புத்தகத்தை மூடினேன். "உன்னை இல்ல" என்றாள் அம்மா. அதற்குள் என் சிநேகிதி எழுந்து கொல்லைக்கு ஓடியிருந்தாள்.